கதவுக்கு வெளியே நின்றவன்

என் தம்பிக்கு எங்கள் தெருவில் ஊமை என்று பெயர். பேச வராதவன் இல்லை, பேசமாட்டான். "சாப்பிட்டியா?" என்றால் தலையை ஆட்டுவான். "எங்க போற?" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்ப்பான். கடைக்காரரிடம்கூட விரலால் காட்டியே சாமான் வாங்கி வந்துவிடுவான். அவன் பங்கையும் சேர்த்து அக்காக்காரி பேசித் தீர்த்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சொல்லட்டுமே, வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் அலுங்காமல் மேலே ஏற்றிவிடுகிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் படியேறும்போது கீழ்வீட்டுக்காரர் தவறாமல் கேட்பார்: "ஏம்ப்பா, உன் கம்பெனில சொல்லி இங்கயும் ஒண்ணு மாட்டக் கூடாதா?" இவன் சிரித்துவிட்டு ஏறி வந்துவிடுவான். நான்தான் மேலே இருந்து பதில் சொல்வேன்.

நான் பல் மருத்துவமனை ஒன்றில் பல்செட் செய்கிறேன். மெழுகில் ஈறு வடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, அச்சில் போட்டு வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்குவது என் வேலை. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு என் கைவேலை என்று நானே பெருமை அடித்துக்கொள்வேன். வேறு யார் அடிப்பார்கள்?

கல்யாணம் ஆகிப் போன வீட்டிலிருந்து நான் ஒருநாள் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தேன். ஏன் என்று கேட்க வேண்டாம், அந்த ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. தம்பி படியிறங்கி வந்தான். என் முகத்தைப் பார்த்தான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினான். "என்ன ஆச்சு?" என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் படியிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். கேட்காமல் விட்டதற்காக அவனுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். ஆனாலும் எரிச்சல் வரும்போது ஊமை என்றுதான் கூப்பிடுவேன்.

அவனுக்கு முப்பது தாண்டியதும் நான் பெண் பார்க்க ஆரம்பித்தேன். நல்ல இடமாக ஒன்று அமைந்தது. நர்ஸ் வேலை பார்க்கிற பெண், கலகலவென்று பேசுகிறவள். இந்த வீட்டுக்கு இன்னொரு வாய் வந்தால் எனக்கும் துணையாச்சு என்று கணக்குப் போட்டேன். அவள் போட்டோவை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தான். திருப்பி என் பக்கம் நகர்த்தினான்.

"அக்கா, நான் குருமடத்துக்குப் போகலாம்னு இருக்கேன்."

"யாரு வீட்டுக்கு?"

"குருமடத்துக்கு. சாமியாராகறதுக்கு."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. அவன் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவான், கடைசி பெஞ்சில் உட்காருவான், முடிந்ததும் யாரோடும் நிற்காமல் வந்துவிடுவான். வேலை முடிந்து வரும் வழியிலும் கோயிலில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருவான் என்று தெரியும். ஃபேன் காற்றுக்காகப் போகிறான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பொண்ணாவது ஏமாத்திட்டாளா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"உடம்புக்கு ஏதாவதா? என்கிட்ட மறைக்காத."

அதற்கும் தலையாட்டல்.

"அப்ப பைத்தியமா?"

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இவன் ஊரையெல்லாம் விட்டுவிட்டு என் அடிமடியிலேயே கை வைத்துவிட்டான். அன்றிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்தினேன். பேசாதவனிடம் பேசாமல் இருப்பதைப் போல ஒரு முட்டாள்தனம் உலகத்தில் இல்லை. நான் கோபமாக இருப்பதே அவனுக்குத் தெரிந்ததா இல்லையா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.

அவனை விட்டுவிட்டுச் சாமியாரிடம் சண்டைக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியார் வயதானவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவார். நான் போனபோது பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என் தம்பி மனசைக் கலைச்சது நீங்கதானா ஃபாதர்?"

"நானா? அவன் முதல்ல வந்து சொன்னப்போ வேணாம், போன்னுதான் சொன்னேன். திரும்பி வந்தான். இது சாமியோட அழைப்பா, இல்ல வேலை அலுப்பா, நல்லா யோசிச்சுட்டு வான்னு திருப்பி அனுப்புனேன். மறுபடியும் வந்து நிக்கறான். நான் என்ன செய்ய?"

"நீங்க எழுதிக் குடுத்தாத்தானே குருமடத்துல சேப்பாங்க? குடுக்காதீங்க."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "உன்கிட்ட உண்மையைச் சொல்றேம்மா. எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. பக்தி இருக்கு, ஒழுக்கம் இருக்கு, எல்லாம் சரி. ஆனா எதைக் கேட்டாலும் ரெண்டு வார்த்தைக்கு மேல வரமாட்டேங்குது. சாமியார்னா சாவு வீட்டுல போய் உக்காரணும், புருஷன் பொண்டாட்டி சண்டையைத் தீத்து வைக்கணும், பயந்தவனுக்குத் தைரியம் சொல்லணும். இவனுக்கு மனுஷங்ககிட்டப் பேச வருமா? கூட இருக்கறவ நீதான். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். நீ சொல்றதைக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி தடுத்துவிடலாம் என்பார்களே, இந்த விஷயத்தில் பூசாரி நான்தான். என் ஊமைக்குப் பேச வராது என்று சொல்ல நான் யோசிக்கக்கூட வேண்டியதில்லை.

அந்த வாரத்தில்தான் லிஃப்ட் நின்றது.

மதியம் சாப்பிட வெளியே போய்விட்டு மருத்துவமனைக் கட்டடத்துக்குத் திரும்பினேன். லிஃப்டில் என்னோடு ஒரு பெரியவர் ஏறினார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, காலையில் நான் தேய்த்து முடித்து டப்பாவில் வைத்திருந்த பல்செட்டுக்குச் சொந்தக்காரர் இவர்தான். வணக்கம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், ஒரு குலுக்கல். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. விளக்கு அணைந்து, மூலையில் இருந்த குட்டி பல்பு மட்டும் எரிந்தது.

மணியை அழுத்தினேன். கதவைத் தட்டினேன். வாட்ச்மேன் ஓடி வந்து, போன் போட்டாச்சு, ஆள் வருது என்று கத்தினார். அதற்குள் பெரியவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. மார்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் கருவிப் பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"உள்ள யாரு இருக்கீங்க? என் குரல் கேக்குதா? பேசுங்க."

என் தம்பியின் குரல்.

எங்கள் மருத்துவமனைக் கட்டடத்துக்கு எப்போதும் வேறு மெக்கானிக்தான் வருவார். இன்றைக்குப் பார்த்து இவன் வந்திருக்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை. கோபமென்றால் கோபம்தான், லிஃப்ட் நின்றதற்காக அதை விட்டுவிட முடியுமா?

"நானும் ஒரு அம்மாவும் இருக்கோம்" என்றார் பெரியவர். பல் இல்லாத வாயில் அது குழைந்து வந்தது. "எவ்ளோ நேரம் ஆகும்பா?"

"நேரம் ஆகும்ங்க. இவ்ளோன்னு இப்ப சொன்னா அது பொய்யாப் போயிடும். மேல என் கூட்டாளி இருக்கான், கையால சுத்தி லிஃப்டக் கீழ இறக்கப் போறான். அறுந்து விழுமோன்னு பயப்படாதீங்க, விழாது. மூச்சும் முட்டாது, மேல காத்து வர வழி இருக்கு. கதவு திறக்கற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டுப் போக மாட்டேன். நீங்க என்கூடப் பேசிக்கிட்டே இருங்க. மதியம் சாப்டீங்களா?"

அடப்பாவி! இத்தனை பேச்சையும் இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தான்? வீட்டில் ஒரு மாதத்துக்குப் பேசுவதை ஒரே மூச்சில் பேசிவிட்டான். அந்தக் குரலும் எனக்குப் புதிது. அவசரமே இல்லாத குரல். பெரியவரை வைத்துப் பேத்தி பெயர், பழைய வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தான். நடுவே, "எப்பவும் நான்தான் மேல ஏறணுமா?" என்று மேலே இருந்து கத்திய கூட்டாளிக்கு, "நீ சுத்து, நான் கதவுகிட்ட இருக்கேன்" என்றான். பெரிய மெக்கானிக் மேலே போவதும் சின்னவன் கதவருகே நிற்பதும்தான் அவர்கள் தொழிலில் வழக்கம். இவன் எப்போதும் அதைத் தலைகீழாகச் செய்வான் என்று அந்தக் கூட்டாளி பிறகு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மேலே ஏதோ கிறீச்சென்றது. லிஃப்ட் ஒரு சாண் இறங்கி மறுபடியும் நின்றது. பெரியவர் கத்திவிட்டார்.

"தம்பி, நான் செத்துருவேன் போலிருக்கு. ஒரு சாமியாரைக் கூப்பிடேன். நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி, செஞ்ச பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கி எத்தனையோ வருஷமாச்சு."

பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் அவர் ஆரம்பித்துவிட்டார். அடுத்தவர் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் சுவர் பக்கம் திரும்பிக் காதைப் பொத்திக்கொண்டேன். பல் இல்லாததால் பாதி புரியவில்லை, நல்லவேளை. புரிந்த பாதியை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. பழைய தப்பு, அவரைத் தின்றுகொண்டிருந்த தப்பு. அழுதுகொண்டே சொன்னார்.

"ஐயா, ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க." வெளியே தம்பியின் குரல் உடைந்திருந்தது. "நான் சாமியார் இல்ல. மெக்கானிக். எனக்கு மன்னிப்புக் குடுக்கற அதிகாரம் கிடையாது. வெளிய வந்ததும் நானே உங்களைச் சாமியார்கிட்டக் கூட்டிட்டுப் போறேன், இது சத்தியம். இப்ப நாம செஞ்ச பாவத்துக்கு வருத்தப்பட்டு மனஸ்தாப மந்திரம் சொல்லுவோம். நான் சொல்லச் சொல்லக் கூடவே சொல்லுங்க. உள்ள இருக்கற அம்மா, அவர் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

நான் வளர்த்த பயல் எனக்கு உத்தரவு போடுகிறான். நானும் மறு பேச்சில்லாமல் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

அவன் ஒரு வரி சொல்ல, பெரியவர் ஒரு வரி சொன்னார். பாதியில் கூட்டாளி மேலே இருந்து ஏதோ கேட்க, தம்பி "மெதுவா, மெதுவா" என்று அவருக்குப் பதில் சொன்னான். அந்த இடைவெளியில் பெரியவருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. உதடு துடிக்க என்னைப் பார்த்தார். என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வரியை நான் சொன்னேன்.

வெளியே சத்தமே இல்லை.

பிறகு அவன் சொன்னான்: "அவர் கையை விட்டுடாதக்கா."

மூன்று பேரும் சேர்ந்து மந்திரத்தை முடித்தோம். லிஃப்ட் மெல்ல மெல்ல இறங்கி மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறந்தபோது தம்பி முழங்காலில் இருந்தான். கை முழுக்கக் கிரீஸ். பெரியவரைக் கைத்தாங்கலாக வெளியே எடுத்தான். பிறகு என்னைப் பார்த்தான். திருட்டு முழி.

"ஒரு கதவைத் திறக்க இவ்ளோ நேரமா?" என்றேன். வேறு என்ன சொல்ல? அழுதுவிடுவேன் போல் இருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, பயம்தான் என்றார். பல்செட்டையும் மாட்டிவிட்டார். தம்பி வாக்குத் தவறாமல் கீழே பைக்கோடு நின்றான். "பல்லோட போறதுதான் நல்லதும்மா. இல்லேன்னா சாமியாருக்கு என் பாவம் புரியாது" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் புதுப் பல் தெரியச் சிரித்தார். பின் சீட்டில் உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் நான்தான் முதலில் பேசினேன். அவன் பால்கனியில் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"எப்பவும் இப்படித்தானா? மாட்டிக்கிட்டவங்க உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்களா?"

"சில பேரு."

"நீ என்ன செய்வ?"

அவன் கிளிப்பை மாட்டிவிட்டு நின்றான். நான் காத்திருந்தேன். எனக்குக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"கேட்டுக்குவேன். கதவு திறந்ததும் அவங்க தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிடுவாங்க. என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டாங்க, வெக்கம். ஆனா சொன்னது தீரலக்கா. அது அப்படியே கிடக்கு. இன்னைக்கு அந்தப் பெரியவர் கதவுக்கு அந்தப் பக்கம் அழறாரு. லிஃப்ட இறக்க என்னால முடியும். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, மன்னிச்சாச்சுன்னு. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஒவ்வொரு தடவையும் நான் அங்க கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கறேன். என்னால முடியலக்கா."

அவன் என்னோடு அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமியார் படியேறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் ஆடாத நாற்காலி ஒன்றுதான், அதில் உட்காரவைத்தேன். தம்பி சுவரோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாமியார் அவனிடம் சிலது கேட்டார். "ஆமா ஃபாதர்", "இல்ல ஃபாதர்", அவ்வளவுதான். சாமியார் பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லும்மா. இவனுக்கு மனுஷங்ககிட்டப் பேச வருமா?"

நான் பொய் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. லிஃப்டில் நடந்ததை இவனாக வாய் திறந்து சொல்லமாட்டான். அந்தப் பெரியவரும் சாமியாரிடம் தன் பாவத்தைச் சொன்னாரே தவிர, கதவுக்கு வெளியே நின்றவன் பேசியதைச் சொல்லியிருக்கமாட்டார். நான் சும்மா இருந்தால் போதும். ஆயுசில் ஒரே ஒரு தடவை நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் தம்பி இந்த வீட்டிலேயே இருப்பான். சாயங்காலம் படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்கும். அவன் இல்லாவிட்டால் நான் யாருக்காக உலை வைப்பேன்? ஒரு ஆளுக்காக அரிசி களைவதை நினைத்தாலே பயமாக இருந்தது.

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை. நான் என்ன சொன்னாலும் சரி என்பது போல் பார்த்தான். டிரங்குப் பெட்டியோடு நான் வந்து நின்ற அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தான்.

"வரும் ஃபாதர்" என்றேன்.

பிறகு ஒன்று விடாமல் சொன்னேன். பெரியவர் சொன்ன பாவத்தை மட்டும் விட்டுவிட்டு, தம்பி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் சொன்னேன். சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன்டா, இத்தனை தடவை வந்தியே, இதுல ஒண்ணையாவது என்கிட்டச் சொன்னியா?"

"அது அவங்க சொன்னது ஃபாதர்" என்றான் தம்பி. "வெளிய சொல்லக் கூடாதுல்ல."

சாமியார் கண்ணாடியை மறுபடியும் நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்: "உனக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதம் இல்ல ஃபாதர். எனக்கு அவன் வேணும். ஆனா நீங்க கேட்டது அது இல்லையே."

அவர் எழுதிக்கொடுத்தார்.

அவன் கிளம்பிய காலை முழு சிலிண்டர் ஒன்றை மேலே கொண்டுவந்து வைத்தான். குடங்களில் தண்ணீர் நிரப்பினான். ஆடுகிற நாற்காலிக்கெல்லாம் ஆணி அடித்தான். என் டிரங்குப் பெட்டியைத்தான் கொடுத்தேன், வேண்டாம் என்றவனை அதட்டி எடுத்துக்கொள்ள வைத்தேன். "உடம்பைப் பாத்துக்கோ, வேளாவேளைக்குச் சாப்பிடு, யாராவது கேட்டா வாயைத் திறந்து பதில் சொல்லு" என்று மூச்சு விடாமல் பேசினேன். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினான். நான் அழுவதை அவன் பார்த்துவிடக் கூடாது என்று படாரென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டேன். கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

படியிறங்கும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம்தான் கேட்டது.

"உள்ள யாரு இருக்கீங்க?" என்றான். "என் குரல் கேக்குதா? பேசுங்க."

முந்தானையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"கதவு திறக்கற வரைக்கும் நான் போக மாட்டேன்க்கா."

போகமாட்டான்தான், அது எனக்குத் தெரியும். நான் திறக்காமலே இருந்தால் வண்டி போய்விடும், அவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நேரம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து தாழை நீக்கினேன்.